திறந்து வைக்காத புல்

கன்னியப்பனுக்கு உத்தியோகம் கிடைத்தது மழையால். மொட்டையம்பட்டில் இதை யாரும் நம்பவில்லை. மழையே எட்டிப் பார்க்காத ஊரில் மழை எப்படி உத்தியோகம் கொடுக்கும்?

செஞ்சிக் கோட்டைக்குத் தெற்கே, கடைசிக் குன்றின் முதுகுப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த ஊர் அது. ஊருக்கும் குன்றுக்கும் நடுவில் ஒரு பெரிய சரிவு. சர்க்கார் கணக்கில் அதற்கு மேய்க்கால் புறம்போக்கு என்று பெயர். நிஜத்தில் அங்கே மேய்வதற்குக் கல்தான் இருந்தது. எப்போதாவது பெய்கிற மழையும் பாறையில் விழுந்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஒரே ஓட்டமாகச் சரிவில் இறங்கிச் சங்கராபரணி ஆற்றுக்குப் போய்விடும். போகிற போக்கில் மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். நிலம் வைத்திருந்தவர்களுக்கு வைக்கோலும் வரப்புப் புல்லும் இருந்தன. கன்னியப்பனின் தெருவில் யாருக்கும் நிலம் கிடையாது. அவர்களுடைய மாடுகளுக்கு இந்தச் சரிவை விட்டால் செஞ்சி பஜார்தான். அங்கே போய்ச் சுவரொட்டிகளைக் கிழித்துத் தின்னும். கட்சி வித்தியாசம் பார்க்காமல் எல்லாத் தலைவர்களையும் தின்றுவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பும். பால் மட்டும் வராது.

கன்னியப்பனின் மனைவி பூவாயிக்கு ஒரு செவலைப் பசு இருந்தது. அவளுடைய அப்பா கல்யாணத்துக்கு ஓட்டிவிட்ட மாட்டின் வயிற்றில் பிறந்தது. அதனால் அந்தப் பசு விஷயத்தில் கன்னியப்பனுக்குப் பேச்சுரிமை கொஞ்சம் குறைவு.

அறுபத்தைந்தாம் வருஷம் சித்திரையில் பாண்டுரங்கன் என்ற புது கிராம சேவக், ஊர்களுக்கு விவசாயம் சொல்லித்தர சர்க்கார் வைத்த ஆள், சைக்கிளில் வந்து சேர்ந்தான். சின்ன வயசு, ஒல்லி உடம்பு, எதைச் சொன்னாலும் தரையில் குச்சியால் படம் போட்டுத்தான் சொல்வான். சரிவின் குறுக்கே, மேலிருந்து கீழ்வரை, வரிசை வரிசையாக நீளக் குழிகள் வெட்ட வேண்டும் என்றான். வெட்டின மண்ணைக் கீழ்ப்பக்கமாகக் கரை போட வேண்டும். ஓடுகிற தண்ணீர் குழியில் நின்று நிலத்துக்குள் இறங்கும். கரையில் கொழுக்கட்டைப் புல் விதை தூவினால் பிடித்துக்கொள்ளும். விதை உதிர்கிற வரைக்கும் மாடு ஏறக் கூடாது. அப்புறம் பாதியை மேயவிட்டுப் பாதியை மூடி வைக்கலாம்.

"மாட்டுக்குப் புல்லு கேட்டா, பொதைக்கக் குழி வெட்டுறேங்கிறாரு" என்று தெருவே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் கன்னியப்பன்.

பஞ்சாயத்துத் தலைவர் சொக்கலிங்கம் சிரிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. செஞ்சி பஜாரில் மளிகை மண்டி வைத்திருந்த அவர், பஞ்சாயத்துக் காரியங்களைப் புளி மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்தே முடித்துவிடுவார். பாண்டுரங்கன் கடைசியில், "இந்த மாதிரித் திட்டம்னா திறந்து வைக்க மந்திரியே வருவாங்க" என்று வாய் தவறிச் சொன்னான். சொக்கலிங்கம் கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தார்.

அடுத்த வாரமே வேலை ஆரம்பித்துவிட்டது.

தெருவே மண்வெட்டியோடு போனது. கூலி கிடைத்தது. சிரிப்பும் கூலியும் ஒரே நேரத்தில் கிடைப்பது அந்தப் பக்கத்தில் அபூர்வம். கன்னியப்பன் நன்றாக வெட்டினான். அவன் போட்ட கரை உதிராமல் நின்றது. "ஓ, நல்லா கீதே" என்று பாண்டுரங்கன் ஒருநாள் தட்டிக்கொடுத்தான். அன்றிலிருந்து கன்னியப்பன் குழிகளைப் பற்றி யாராவது கேலி பேசினால் சண்டைக்குப் போனான்.

ஆடி மாதம் ஒரு பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வீட்டுக்கு ஓடியபோது கன்னியப்பன் சரிவை நோக்கி ஓடினான். பாறையிலிருந்து செம்மண் நிறத்தில் வந்த தண்ணீர், வழக்கம்போலத் தலைதெறிக்க இறங்கி, முதல் குழியில் விழுந்து, அங்கேயே நின்றது. நிரம்பியபின் நிதானமாக அடுத்த வரிசைக்கு இறங்கியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிவு முழுக்கத் தண்ணீர் வரிவரியாகத் தங்கிவிட்டது. ஆற்றுக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு, தனியாக, வாய்விட்டுச் சிரித்தான். என்னத்துக்குச் சிரிக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆவணியில் பச்சை தெரிந்தது. புரட்டாசியில் முழங்கால் உயரம். செஞ்சியிலிருந்து ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சொக்கலிங்கம் ஒரு பலகை எழுதி நட்டார். "இது மேய்ச்சல் நிலம். மாடு மேயக் கூடாது. மீறினால் பிடித்து அடைக்கப்படும்." கூடவே காவலுக்கு ஓர் ஆளையும் போட்டார். கன்னியப்பன்தான் அந்த ஆள். காக்கிச் சட்டையும் விசிலும் பஞ்சாயத்துச் செலவு.

சட்டை உடம்பில் ஏறியதும் கன்னியப்பன் வேறு மாதிரி நடக்க ஆரம்பித்தான். முன்பெல்லாம் தெருவில் யாரையும் மாமா, சின்னம்மா என்று கூப்பிட்டவன், இப்போது எல்லோரையும் "இந்தாம்மா", "யாருய்யா அது" என்றான். விசிலை அவன் தேவைக்கு மட்டும் ஊதவில்லை. காக்கா உட்கார்ந்தாலும் ஊதினான்.

வீட்டில் பூவாயி தட்டை வைத்து, "ஆபீசரு சாப்டுறீங்களா?" என்பாள். அதில் இருந்த குத்தல் அவனுக்கு உறைக்கவில்லை. மரியாதை என்று எடுத்துக்கொண்டு சாப்பிட்டான்.

ஐப்பசியில் விதை உதிர்ந்தது. பாண்டுரங்கன் மண்டிக்குப் போய், "தலைவர், இனிமே பாதியைத் திறந்து விட்டுடலாம். மாடு மிதிச்சாத்தான் விதையும் மண்ணுல இறங்கும்" என்றான்.

"மந்திரி வந்து திறக்காம எப்படிய்யா திறக்குறது?"

"புல்லுக்குத் தெரியாதுங்களே."

"எனக்குத் தெரியுமில்ல?" என்றார் சொக்கலிங்கம்.

மந்திரி வருவதாக இருந்தது. முதல் தடவை அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை வேறு ஊரில் பாலம் திறக்கப் போய்விட்டார். மூன்றாம் தடவை தேதி குறித்தார்கள், அது அஷ்டமி என்று சொக்கலிங்கமே மாற்றினார். ஒவ்வொரு தடவையும் வாழைமரம் கட்டி, அவிழ்த்து, கட்டியவர்களுக்கு அலுத்துவிட்டது. இதற்கு நடுவில் ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். புல்லுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் புல்லைத் தடவிக்கொடுத்து, "மாடுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், இல்ல?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றான் கன்னியப்பன். "ஒண்ணு கூட இன்னும் வாய் வைக்கலீங்க."

அதிகாரி மெச்சிக்கொண்டார். அவர் மெச்சிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் ஒரு மாடு, அவருக்குப் பின்னால், அவசரமே இல்லாமல் கரையேறி வந்து புல்லில் வாய் வைத்தது. செவலை நிறம். இடது கொம்பு சற்றே வளைந்திருந்தது. அது பூவாயியின் பசு.

"யாருதய்யா அந்த மாடு?" என்றார் அதிகாரி.

கன்னியப்பன் பசுவைப் பார்த்தான். "தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு, விசிலை வாயில் வைத்து முழு மூச்சையும் ஊதினான். பசுவுக்கு அவன் குரலும் தெரியும், நடையும் தெரியும். விசிலை மட்டும் பொருட்படுத்தவில்லை. அவனைப் பார்த்து ஒரு தடவை தலையாட்டிவிட்டு மறுபடியும் மேய்ந்தது. அவன் கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு போய், ஊர் எல்லையில் இருந்த பவுண்டில் அடைத்தான்.

பவுண்டு என்பது நாலு பக்கமும் கல்சுவர், ஒரு பக்கம் மூங்கில் படல். பயிர் மேய்கிற மாடுகளைப் பிடித்து அங்கே அடைப்பார்கள். மாட்டுக்காரர்கள் அபராதம் கட்டி மீட்டுப் போக வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டவர் கோவிந்தசாமி. பவுண்டு காலியாகக் கிடக்கிற தைரியத்தில் அவர் உள்ளேயே கயிற்றுக்கட்டில் போட்டுப் படுப்பார். செவலையைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"இது உன் பொண்டாட்டி மாடாச்சே?"

"சட்டத்துக்கு முன்னால பொண்டாட்டி இன்னா, ஊரான் இன்னா?" என்றான் கன்னியப்பன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு மட்டும் சுற்று வழியாகப் போனான்.

பூவாயி கத்தவில்லை. அது அவனை இன்னும் பயமுறுத்தியது. "அப்டியா" என்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகப் பவுண்டுக்குப் போனாள்.

போனவள் அங்கே கண்ட காட்சி வேறு. கோவிந்தசாமி செவலைக்குத் தொட்டியில் தண்ணீர் வைத்து, ஒரு கட்டு வைக்கோலைப் பிரித்துப் போட்டிருந்தார். நல்ல வைக்கோல், மஞ்சள் நிறம். தெருவில் அந்த மாதிரி வைக்கோலை யாரும் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"யாரு வைக்கோலு இது?"

"பஞ்சாயத்துது. அவலூர்பேட்டையிலேர்ந்து வண்டி கட்டியாந்தது. அடைச்ச மாட்டைப் பட்டினி போடக் கூடாதுன்னு ரூல்சு. மீட்டுக்கினு போற வரைக்கும் நாங்கதான் தீனி வைக்கணும்."

"தினமுமா?"

"ரெண்டு வேளை."

பூவாயி பசுவின் முதுகைத் தடவினாள். பசு அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தது. "நல்லா பாத்துக்கோங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வருகிற வழியில் அமிர்தவல்லி வீட்டில் நின்று பேசினாள். விருத்தாம்பாள் வீட்டில் நின்று பேசினாள். அன்று சாயங்காலம் தெருவில் பெண்கள் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் உள்ளே போனதும் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் காலையில் சரிவில் மாடுகள் அலைமோதின. பின்னால் யாரும் இல்லை. மாடுகள் தாமாக வந்த மாதிரி இருந்தது. அமிர்தவல்லியின் எருமை, தான் பிடிபடுவதற்கு வசதியாகப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றது. கன்னியப்பனுக்கு ஓய்வே இல்லை. பிடிப்பதும் அடைப்பதுமாக ஓடினான். சாயங்காலம் மண்டிக்குப் போய், "மொதலாளி, இன்னிக்கு பவுண்டு ரொம்பிடுச்சுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். சொக்கலிங்கம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சபாஷ்" என்றார். அபராதம் எவ்வளவு வரும் என்று மனசுக்குள் பார்த்து அவருக்கு முகம் மலர்ந்தது.

அபராதம் வரவில்லை. மாட்டுக்காரர்கள் யாரும் பவுண்டுப் பக்கமே வரவில்லை. சாணியை மட்டும் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கறவை மாட்டுக்காரிகள் காலையில் செம்போடு வந்து படலுக்குள் புகுந்து கறந்துகொண்டார்கள். பால் எடுக்கக் கூடாது என்று ரூல்சில் இல்லை. கோவிந்தசாமிக்குக் கட்டில் போட இடமில்லாமல் போய், வெளியே புளியமரத்தடிக்குக் குடிபெயர்ந்தார். அவலூர்பேட்டை வைக்கோல் ஒரே வாரத்தில் தீர்ந்தது. அடுத்த வண்டிக்கு வைக்கோல்காரன் கையை விரித்துவிட்டான். தை அறுப்பு வரைக்கும் எங்கேயும் வைக்கோல் இல்லை.

சொக்கலிங்கம் ஏலம் போடுவதாகத் தமுக்கடித்தார். அவலூர்பேட்டையிலிருந்து ஒரு மாட்டுத் தரகர் வந்தார். செவலையின் பல்லைப் பிடித்துப் பார்க்கப் போனார். படலுக்கு வெளியே பூவாயியும் மற்ற பெண்களும் சும்மா நின்றிருந்தார்கள். தரகரையே பார்த்தார்கள். தரகர் பல்லைப் பார்க்காமலே கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு செம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டார்.

மாடுகள் பசியில் கத்த ஆரம்பித்தன. அந்தச் சத்தம் கன்னியப்பனுக்குக் காவல் நிற்கிற இடம்வரை கேட்டது. எதிரே இடுப்பளவு புல் காற்றில் அலையடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு முதல் தடவையாக அந்தச் சட்டை கழுத்தை இறுக்கியது.

பாண்டுரங்கனைச் சொக்கலிங்கம் ஆள் அனுப்பி வரவழைத்தார். "மாடு செத்துதுன்னா மந்திரி வர்ற நேரத்துல பேரு கெட்டுடும். இன்னா பண்ணலாம், சொல்லு."

பாண்டுரங்கன் கொஞ்ச நேரம் தரையில் குச்சியால் கோடு போட்டான். "பலகையில மாடு மேயக் கூடாதுன்னுதான் போட்டிருக்கீங்க. புல்லு அறுக்கக் கூடாதுன்னு போடலியே."

அவன் சிரிக்காமல்தான் சொன்னான். சொக்கலிங்கமும் சிரிக்காமல்தான் ஒப்புக்கொண்டார். மறுநாளே கூலிக்கு ஆள் பிடித்தார்கள். தெருப் பெண்களைத் தவிர வேறு ஆள் ஏது? பூவாயியும் அமிர்தவல்லியும் விருத்தாம்பாளும் அரிவாளோடு வந்து, மேய்ச்சல் நிலத்துப் புல்லை அறுத்துக் கட்டி, தலையில் தூக்கிப் பவுண்டுக்குக் கொண்டுபோய், தங்கள் மாடுகளுக்குத் தாங்களே போட்டார்கள். அதற்குப் பஞ்சாயத்து கூலி கொடுத்தது. அவர்கள் போகும்போது காவல்காரன் வழிவிட்டு நிற்க வேண்டியிருந்தது.

கட்டைத் தூக்கிவிட ஆள் இல்லாமல் பூவாயி ஒருநாள் அவனைக் கூப்பிட்டாள். "இந்தா, ஆபீசரு. ஒரு கை பிடி."

தூக்கிவிட்டான். புல்லின் ஈர வாசனை முகத்தில் அடித்தது.

"செவலை எப்டி கீது?" என்று கேட்டான், மெதுவாக.

"கொழுத்துப் போச்சு. உன்னியும் அங்க அடைச்சா நல்லா இருப்ப" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். காக்கி போட்ட நாளிலிருந்து அவன் அவளோடு சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

பொங்கல் கழித்து மந்திரி நிஜமாகவே வந்தார். பத்திரிகைக்காரர்களும் படம் பிடிக்கிறவரும் கூட வந்தார்கள். நாதஸ்வரம், வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், மேடை, ஒலிபெருக்கி, ஒன்றுக்கும் குறைவில்லை. சொக்கலிங்கம் பட்டு அங்கவஸ்திரத்தில் வேர்த்து வழிந்தார். எல்லாம் தயாரான பிறகு படம் பிடிக்கிறவர் சுற்றுமுற்றும் பார்த்து, "மாடு எங்கே?" என்று கேட்டார்.

மேய்ச்சல் நிலத்தைத் திறக்க மாடு வேண்டும் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. நிலம் வைத்திருந்தவர்களின் மாடுகள் களத்தில் போரடித்துக்கொண்டிருந்தன, மீதி பூராவும் பவுண்டில் இருந்தது. "அபராதம் கட்டலியே, எப்படி விடறது?" என்று கோவிந்தசாமி படலை மறித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் ரூல்சு உண்டு. சொக்கலிங்கம் அங்கவஸ்திரத்தோடு ஓடிவந்து, எல்லா மாட்டுக்கும் அபராதம் ரத்து என்று அங்கேயே, மூச்சு வாங்கிக்கொண்டு, சொன்னார். பொங்கலுக்குப் பவுண்டுக்குள்ளேயே கொம்பில் பூசிய சிவப்பும் பச்சையும் கலையாமல் மாடுகள் ஊர்வலமாக வந்தன. கன்னியப்பன் முன்னால் விசில் ஊதிக்கொண்டு நடந்தான். அவன் அடைத்த மாடுகளை அவனே ஓட்டி வந்தான்.

மந்திரி ரிப்பனை வெட்டினார். கைதட்டல் எழுந்தது. மாடுகள் உள்ளே நுழைந்தன, ஒரு வட்டம் சுற்றிப் பார்த்தன. காலையில்தான் வயிறு முட்டப் புல் போட்டிருந்தார்கள். செவலை நல்ல நிழலாகப் பார்த்து முன்காலை மடக்கிப் படுத்தது. அதைப் பார்த்து மற்றவையும் படுத்தன. எல்லாம் கண்ணை மூடி அசைபோட ஆரம்பித்தன. அமிர்தவல்லியின் எருமை மட்டும் மேடைக்குப் பக்கமாக நடந்து போய்த் தென்னங்குருத்துத் தோரணத்தை இழுத்துத் தின்றது.

மந்திரிக்கு வியப்பு. பக்கத்தில் நின்ற பூவாயியிடம், "என்னம்மா, இவ்வளவு புல்லு இருந்தும் மேயலியே?" என்றார்.

"பழக்கம் விட்டுப்போச்சுங்க" என்றாள் பூவாயி. "ரெண்டு மாசமா உள்ள உக்காந்தே தின்னுதுங்க. இப்ப வேலைன்னா கசக்குது."

மந்திரி விழுந்து விழுந்து சிரித்தார். எதற்கென்று புரியாமல் அதிகாரிகளும் சிரித்தார்கள். சொக்கலிங்கம் கடைசியாக, கொஞ்சமாக, சிரித்தார். மந்திரி ஒலிபெருக்கியில் காவல்காரனைப் புகழ்ந்தார். தன் சொந்த மாட்டையே பிடித்து அடைத்த நேர்மையாளன் என்றார். இதை யார் அவர் காதில் போட்டார்கள் என்று கன்னியப்பனுக்குத் தெரியவில்லை. மாலை போட்டார்கள். கூட்டம் பூராவும் அவனையே பார்த்தது. பெருமைப்பட வேண்டிய நேரம். அவனுக்கோ "தெரியலீங்க" என்று பசுவைப் பார்த்துச் சொன்னதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

நிலம் திறந்தாகிவிட்டதால் காவல் தேவையில்லை என்று மறுநாள் பஞ்சாயத்து தீர்மானம் போட்டது. கன்னியப்பன் மண்டிக்குப் போய்ச் சட்டையையும் விசிலையும் ஒப்படைத்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் செவலைக்குப் பக்கத்தில் போய் நின்றான். அது முகர்ந்து பார்த்துவிட்டு அவன் கையை நக்கியது. உள்ளேயிருந்து பூவாயி, "சாப்டியா?" என்றாள். ஆபீசர் பட்டம் போய்விட்டது. அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த வாரம் தெரு கூடிப் பேசியது. பாண்டுரங்கன் சொன்னபடி பாதியை மேய விடுவது, பாதியை மூடி வைப்பது, மூடின பக்கத்தை வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துப் பார்த்துக்கொள்வது. கன்னியப்பன் தன் முறைக்கு வெறும் உடம்போடு போனான். மாடு எல்லை தாண்டினால் "ஏய், போ அந்தாண்ட" என்பான். போய்விடும்.

வைகாசியில் குழிகள் தூர்ந்திருந்தன. போன மழை கொண்டுவந்த மண் பாதிக் குழிக்கு நிரம்பியிருந்தது. பாண்டுரங்கன் வந்து பார்த்துவிட்டு, தூர் வார ஒரு திட்டம் எழுதி அனுப்பலாமா என்று கேட்டான். தெருவே ஒரே குரலில் "வேணாம் சார்" என்றது.

"ஏன்யா?"

"திட்டம்னா திறக்கணும் இல்ல?" என்றான் கன்னியப்பன்.

பாண்டுரங்கன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றினான். "அப்போ நான் இங்க வரவே இல்லை" என்று சொல்லிக்கொண்டு ஒரு மண்வெட்டியை எடுத்தான்.

சொக்கலிங்கம் அந்தச் சமயம் மேல்சித்தாமூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். விருந்து பலமாக இருந்ததால் இரண்டு நாள் கூடத் தங்கினார். திரும்பி வருகிற பஸ்ஸில் நல்ல மழை. ஜன்னல் வழியாகப் பார்த்தார். குன்றின் அடியில் தண்ணீர் வரிவரியாக நின்று மின்னியது. பாதிச் சரிவில் மாடுகள் நனைந்துகொண்டே மேய்ந்தன. கரையில் யாரோ ஒருவன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உடைப்புக்கு மண் வைத்துக்கொண்டிருந்தான்.

"யார்ரா இதையெல்லாம் பண்ணது?" என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டார்.

"மழைதான்" என்றார் அவர். மொட்டையம்பட்டுக்காரர்தான்.